பால், சீனி இல்லாத தேத்தண்ணி



இந்தப் பகுதியில் நாம் வழக்கமாகச் சம்பளம், சேமநிதி, சொக்சோ, வீட்டுடைமை என்றுதான் எழுதி வருகிறோம். இந்த வாரம் தேத்தண்ணியைப் பற்றி எழுதுகிறோம். "என்ன தோழரே, எழுத வேறு விசயம் தீர்ந்து போச்சா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இது நம் நாக்கைப் பற்றிய விசயம். நம் காலைப் பற்றிய விசயமும் கூட.

சுங்கை சிப்புட் பக்கம் நமக்கு மூத்த தோழர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டி, அதுவும் முடியாமல் போய் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சீனி வியாதி. போன வருசம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சோற்றைக் குறைத்தார், தோசையைக் குறைத்தார், தீபாவளிப் பலகாரத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் தேத்தண்ணியை மட்டும் விடமாட்டேன் என்கிறார். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி டின் பால், அதற்கு மேல் ஒரு கரண்டி சீனி.

"சீனி போடாம குடிச்சுப் பாருங்கண்ணே" என்றோம்.

"தம்பி, அது தேத்தண்ணி இல்ல, கசாயம். கசாயம் குடிக்கறதுக்கு நான் ஆஸ்பத்திரி மருந்தையே குடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். நம் வீடுகளில் இருக்கும் தேயிலைத் தூளைச் சீனியில்லாமல், பாலில்லாமல் கொதிக்க வைத்தால் அது கசாயம்தான். ஏனென்றால் அந்தத் தூள் பாலுக்கும் சீனிக்கும் என்றே செய்யப்பட்டது. அவரிடம் பிடிவாதம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் குற்றத்தில் பாதி தூளின் மேல்.

2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். இதற்குத் தேத்தண்ணி ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை வாய்க்குள் போகிற இனிப்பு எது என்று அவரவர் வீட்டு அடுப்படியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவார். பெரட்டுக்கு முன்னால் சமைத்துப் பசியாற நேரம் ஏது? கெட்டிலில் தூளைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, டின் பாலை ஊற்றி, பெரிய மங்கில் ஒன்று குடிப்பார். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றித் தக்கையால் அடைத்து, வாளியோடு தீம்பாருக்குக் கொண்டுபோவார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நானூறு, ஐந்நூறு மரம் வெட்டி முடிக்கும் வரைக்கும் அந்தப் போத்தல்தான் சாப்பாடு. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அந்தச் சீனிதான் அம்மாவை மலைக்காட்டு நிரையில் ஏற்றி இறக்கியது. அதனால் "தோட்டத்து ஜனங்களுக்குச் சுவை தெரியாது, சர்பத்து மாதிரி குடிப்பார்கள்" என்று யாராவது பேசினால் நமக்குக் கோபம் வரும். அது சுவையாக இருந்தது உண்மை. ஆனால் முதலில் அது கூலி வேலைக்கு ஊற்றிய எண்ணெய்.

இப்போது மரம் இல்லை, காண்டாக் கம்பு இல்லை, ஏறி இறங்கும் நிரை இல்லை. பிள்ளைகள் ஈப்போவில் தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், கடையில் நிற்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள். எண்ணெய் மட்டும் அதே அளவில் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'கிரீமர்' என்றுதான் போட்டிருக்கும். உள்ளே செம்பனை எண்ணெய். ரப்பரை வெட்டிவிட்டு நம் தோட்டங்களில் நட்ட செம்பனை, சுற்றி வளைத்து நம் தேத்தண்ணிக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது!

சரி, தூளுக்கும் இலைக்கும் என்ன வித்தியாசம்? செடி ஒன்றுதான். கொழுந்து ஒன்று, அதன் கீழே இளம் இலை இரண்டு, இவற்றைக் கிள்ளி எடுக்கிறார்கள். பச்சை இலை நாலைந்து கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை ஆகும். இலையைப் பரப்பி வாட விடுவார்கள். பிறகு உருட்டிக் கசக்குவார்கள். கசங்கிய இலை காற்றுப் பட்டுச் சிவக்கும். கடைசியில் சூடு காட்டி உலர்த்துவார்கள். பிறகு சலிக்கும்போது முழு இலை ஒரு தரம், உடைந்தது ஒரு தரம், அடியில் விழுவது 'டஸ்ட்' என்கிற தூசு. 1930களில் அசாமில் இன்னொரு இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணை குருணையாகத் தள்ளும். சீக்கிரம் சாயம் இறங்கும், கொஞ்சம் போட்டாலே கறுக்கும். கடைத் தே தாரிக் இந்த வகைத் தூளில்தான் நிற்கிறது. அதன் துவர்ப்பைப் பால் அடக்கும், கசப்பைச் சீனி அடக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் நாக்கில் கோணிச் சாக்கைத் தேய்த்த மாதிரிதான் இருக்கும்.

முழு இலை அப்படியில்லை. அதிலும் குளிர்ந்த மலையில், மெதுவாக வளர்ந்த செடியின் இலை, வன்முறை இல்லாமல் பக்குவம் செய்யப்பட்டால், சாயம் வெளிறி மணம் முன்னுக்கு வரும். பூ மணம் என்றால் பூவைப் போட்டதில்லை. ரோசாப் பூவின் மணத்தில் உள்ள ஜெரானியால், இன்னும் பல பூக்களில் உள்ள லினாலூல் போன்ற பொருள்கள் தேயிலையிலேயே இருக்கின்றன. இலை வாடும்போதும் கசங்கும்போதும் அவை வெளியே வருகின்றன. அதிகமாகக் கொதிக்க வைத்தால் ஆவியோடு போய்விடும். நம் கெட்டில் பத்து நிமிசம் கொதித்தால் மணமெல்லாம் கூரைக்குத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. புந்தோங்கில் ஒரு தோழர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடினோம். சுங்கை சிப்புட் அண்ணனையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். நம்மிடம் மூன்று பொட்டலம் இருந்தது. ஒன்று கேமரன் மலை இலைத் தேயிலை. இன்னொன்று ஒரு தங்கை கோயம்புத்தூர் போய் வந்தபோது வாங்கி வந்த நீலகிரித் தேயிலை. மூன்றாவது ஈப்போ பழைய பட்டணத்துச் சீனர் கடையில் வாங்கிய தி குவான் யின். புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே இல்லாமல் முடியுமா? ஒரு தட்டு முறுக்கும் கடலையும் நடுவில் இருந்தது. ஆனால் முதலில் வெறும் வாயோடு குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டோம். (யாரும் மதிக்கவில்லை.)

கேமரன் மலையிலிருந்து வந்தது பொன் நிறத்தில் தெளிவாக இருந்தது. மணம் லேசு. வாயில் வழவழப்பாக இறங்கி, கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. "இது நம்ம ஊரு தேயிலையா? பால் போடாட்டியும் பரவாயில்லியே" என்றார் வீட்டுக்காரர். நீலகிரிக்கு மணம் கூடுதல். மூக்கருகில் கொண்டுபோனதும் ஈரமான பூந்தோட்டத்துப் பக்கம் போன மாதிரி. நமக்கு இதுதான் பிடித்தது என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

தி குவான் யின் வேறு ஜாதி. இலை உருண்டை உருண்டையாக மிளகு மாதிரி இருக்கிறது. வெந்நீர் பட்டதும் மெல்ல விரிந்து முழு இலையாகிறது. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சீனாவில் பூஜியான் மாநிலத்து ஆன்சி வட்டாரத்தில் செய்வது. இலையைக் குலுக்கிக் குலுக்கி ஓரத்தை மட்டும் நசுங்க வைத்து, பாதியில் சிவப்பதை நிறுத்திவிடுவார்கள். குவான் யின் என்பது சீனர்கள் கும்பிடும் கருணைத் தெய்வத்தின் பெயர். கல்லுமலைத் தைப்பூசத்துக்குப் போகும் நம்மவர்களுக்கு, ஈப்போ மலைக்குகைக் கோயில்களில் அந்த அம்மனைப் பார்த்த ஞாபகம் இருக்கும். தண்ணீர் வெளிர் மஞ்சள்தான், ஆனால் மணம்! கூட இருந்த பெரியம்மா கிளாசை முகர்ந்துவிட்டு, "என்னடா இது, சாமி ரூமுல குடிக்கற மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா, குறையா என்று கேட்டோம். "குடிக்கலாம், ஆனா தேத்தண்ணின்னு சொல்லாதே" என்று தீர்ப்பு வந்தது. மல்லிகைப் பூவையே தேயிலையோடு அடுக்கி இரவெல்லாம் வைத்து மணமேற்றும் வகையும் சீனர்களிடம் உண்டு என்று சொன்னதும், "பூ தலைக்கு வைக்கறதுக்குடா, கோப்பைக்கா?" என்று ஒரே அடியாக அடித்துவிட்டார்.

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். மூன்றையும் குடித்துவிட்டு, "மணமா? எனக்கு ஒண்ணும் தெரியலியே தம்பி. வெந்நீரு மாதிரிதான் இருக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கட்டிப்பால் நாற்றம் எப்படிப்பட்டது என்று. மங்கிலும் கோட்டிலும் ஒட்டி நாள்பட்ட பாலைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கியவர் அவர். பாலை உறைய வைக்கும் ஆசிட் வாடை, புகைக்கூட்டு வாடை, பிறகு செம்பனைக்கு அடித்த களைக்கொல்லி மருந்து. முப்பது வருசம் இதற்குள் இருந்த மூக்கு, மெல்லிய பூ மணத்தை எப்படி உடனே பிடிக்கும்? வயதானால் மூக்கு மங்கும், சீனி வியாதியும் மங்கச் செய்யும் என்கிறார்கள். இருக்கலாம். நாம் கணக்கில் கட்டிப்பாலையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நாம் தோட்டப்பள்ளியில் படித்தபோது, "கேமரன் மலையில் விளைவது என்ன?" என்ற கேள்விக்குத் "தேயிலை, காய்கறி, பூக்கள்" என்று எழுதி மார்க் வாங்கினோம். அந்த மலை நம் தோட்டத்திலிருந்து தூரமில்லை. தாப்பாவிலிருந்து ஒரு பாதை, இப்போது சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு பாதை. ஆனால் அந்த இலையை வாயில் வைத்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான். அந்த மலையில் காட்டை வெட்டிச் செடி நட்டதும் நம் ஜனங்கள்தான். 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அங்கே 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திய அதே ரசல்தான். சீனத்து வூயி மலையைக் குறிக்கும் 'போஹீ' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தமிழில் அர்த்தம் பார்த்தால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது, அது போகட்டும். 1933இல் பாரத் தேயிலையும் அதே மலையில் வந்தது. இரண்டிலும் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். இன்று அந்த வேலையில் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் அதிகம். கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். இலங்கையில் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள் முதல் மலையகத் தமிழர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். 6000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாத் தேயிலைக்கு, மெல்லிய நிறத்துக்கும் பூ மணத்துக்கும் உலகம் பூராவும் பேர். அதைப் பறித்தவர்கள் நாள் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று வருசக்கணக்கில் போராடி, 2021இல்தான் பெற்றார்கள். நீலகிரியிலோ, 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் பிற்காலத்து டான்டீ. நம் தங்கை வாங்கி வந்த பொட்டலம் எந்தத் தோட்டத்து இலை என்று அதில் போடவில்லை. ஆனால் அந்த மலையில் கொழுந்து கிள்ளும் பெண்களில் பலர் பாட்டி ஊர் அட்டன், தாத்தா ஊர் பதுளை என்று சொல்வார்கள்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறோம் என்றால், கேமரன் மலையில் ஒரு கடையில் நமக்கு நடந்ததைச் சொல்லத்தான். கடை பெயர் வேண்டாம். இலைத் தேயிலை டின்னை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைப் பெண் மரியாதையாகத்தான் வந்தார். "அண்ணே, இது மைல்டு. உங்க ஆளுங்களுக்குப் பிடிக்காது. தே தாரிக்குக்கு இந்தப் பாக்கெட் நல்லா இருக்கும், விலையும் கொறைவு" என்று தூளை நீட்டினார். அந்தப் பெண்ணும் நம்ம ஆளுதான்! அவர் மேல் தப்பில்லை. கடையில் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் செடியை நட்டவன், கிள்ளியவன், அரைத்தவன் எல்லாரும் நாம், நமக்கு மட்டும் அடியில் விழுந்தது போதும் என்று யார் முடிவு செய்தது? நாம் அந்த டின்னையே வாங்கினோம். கொஞ்சம் வீம்புதான்.

விலையைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்குக் கணக்கு சொல்கிறோம். 100 கிராம் இலை 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய கிளாசுக்கு இரண்டரை கிராம், அதாவது சின்னக் கரண்டியில் ஒன்று போதும். நாற்பது தடவை வரும். ஒரு தடவைக்கு 50 காசு. தி குவான் யின் போன்ற உருண்டை இலைக்கு நாலைந்து முறை வெந்நீர் ஊற்றலாம், இரண்டாம் தண்ணீர்தான் மணம் என்று சீனர்களே சொல்வார்கள். கடையில் ஒரு தே தாரிக் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் 1700 வெள்ளி என்று 2025இல் ஆனது, ஆனதும் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த நிலைமையில் மாதம் ஒரு டின் வாங்கச் சொல்லி நாம் கட்டளை போடவில்லை. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு டின் வாங்கிப் பங்கு போட்டுப் பார்க்கலாம். கூட்டுறவு நமக்குப் புதிதா என்ன? சுங்கை சிப்புட்டின் சம்பந்தனார் 1960இல் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்க வழிகாட்டியவர்.

போடும் முறை முக்கியம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிசம் ஆறவிடுங்கள். வேறொரு பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் சூடு இறங்கும். இலை மேல் ஊற்றி மூடி வைத்து, மூன்று நிமிசத்தில் வடித்துவிடுங்கள். இலையைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், பிழியாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் மேலே படலம் கட்டும், மணமும் மங்கும். அப்படிப்பட்ட இடங்களில் வடிகட்டிய தண்ணீர் நல்லது. டின்னை அஞ்சறைப்பெட்டிப் பக்கம் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்து வாடையை இழுக்கும், இரண்டே நாளில் சீரகத் தேத்தண்ணி ஆகிவிடும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தேத்தண்ணியாக இருந்தாலும் சோற்றோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னவர்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். இலைத் தேயிலை மருந்து என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அது சீனி வியாதியைக் குணப்படுத்தாது. அதில் சீனி போடத் தேவையில்லை என்பதுதான் அதன் ஒரே மகிமை. லேசான நிறத்தைப் பார்த்து ராத்திரி பத்து மணிக்கு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று நம்மைத் திட்டவும் வேண்டாம்.

சுங்கை சிப்புட் அண்ணன் விசயத்துக்கு வருவோம். பூ மணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கேமரன் மலை இலையைச் சீனியில்லாமல் ஒரு கிளாஸ் முழுதாகக் குடித்தார் என்பதை மருமகள் கவனித்துவிட்டார். மறுவாரமே ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். இப்போது நிலைமை இப்படி: காலையில் ஒரு கிளாஸ் பழைய மாதிரி தூள், டின் பால் ஒரு கரண்டி. அதை விடமாட்டாராம், அது பெரட்டுத் தேத்தண்ணியாம். பகலில் மூன்று கிளாஸ் இலைத் தேத்தண்ணி, சீனி இல்லாமல், கூடவே ஒரு துண்டு இஞ்சி. இஞ்சி போட்டால் பூ மணமெல்லாம் போய்விடுமே என்று நாம் போனில் சொன்னோம்.

"எனக்குத்தான் அது தெரியவே இல்லியே தம்பி, போனா என்ன?" என்றார்.